தண்ணி சும்மா கிடக்கேல்லை: வயிற்று டயலிசிஸ் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு, குழாய் வழியாக வயிற்றுக்குள் மருந்துத் தண்ணி விட்டு, சில மணித்தியாலம் வைத்து வடித்து இரத்தத்தைச் சுத்தம் செய்வதுதான் வயிற்று டயலிசிஸ். கொழும்பில் சிறுநீரகப் பிரிவொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்: மிஸ், அப்பாவின்ர வயித்துக்குள்ள ஒரு நாளைக்கு நாலு தரம் 2 லீற்றர் தண்ணி விட்டு எடுக்கிறம். இரத்தம் வெளியில வராமலே எப்பிடிச் சுத்தமாகுது?

வயிற்றறையின் உட்சுவரையும் குடலையும் மூடி பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு இருக்கு பிள்ளை. விரிச்சால் 1 முதல் 2 சதுர மீற்றர் வரும். அதுக்குள்ள மயிர்த்துளைக்குழாய்கள், அதாவது மிக மெல்லிய இரத்தக்குழாய்கள், ஓடுது. அப்பாவின்ர இரத்தத்தில யூரியா, கிரியட்டினின் எண்ட கழிவுகள் நிறைய. புதுசா விடுற தண்ணிப் பையில ரெண்டும் துளியும் இல்லை. கூடின இடத்திலயிருந்து குறைஞ்ச இடத்துக்கு அதுகள் தாங்களாகவே பரவும். பிளேன்ரீக்கு தேயிலைப் பையை சுடுதண்ணியில வைச்சுக் கலக்காமல் பாருங்கோ. முதல்ல சாயம் விறுவிறெண்டு இறங்கும், போகப்போக மந்தமாகும். வயித்துக்குள்ளயும் அதுதான் நடக்குது.

கொட்டாஞ்சேனை அண்ணா ஒருவர்: வேலைக்கும் போகவேணும். தண்ணியை உள்ள வைச்சிருக்கிற நாலு மணித்தியாலத்தை ரெண்டாக்கினால் என்ன?

இதைக் கேட்காத ஆளில்லை. யூரியா சின்ன மூலக்கூறு, மூலக்கூற்று நிறை 60. நாலு மணித்தியாலத்தில ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகிடும். கிரியட்டினின் 113, அந்த நேரத்தில சராசரி ஆளுக்கு இரத்தத்தில இருக்கிற செறிவின்ர மூண்டில ரெண்டு பங்குதான் பையில ஏறியிருக்கும். முந்தி ஆஸ்பத்திரியில படுக்க வைச்சு அடிக்கடி மாத்தினவை. தண்ணியை மணிக்கணக்கா உள்ளுக்கே விடலாம் எண்ட யோசனையை 1976இல் டெக்சாசில பொப்போவிச் எண்ட பொறியியலாளரும் மொன்கிரீஃப் எண்ட வைத்தியரும் கொண்டுவந்தினம். அதாலதான் நீங்கள் இண்டைக்கு வீட்டில இருந்து செய்யிறியள்.

ஆனால் எல்லாற்ற சவ்வும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு எல்லாம் வேகமாக் கடக்கும். கழிவு கெதியா வருது எண்டு சந்தோசப்பட ஏலாது: உடம்பில கூடின தண்ணியை இழுக்கப் பையில போட்டிருக்கிற குளுக்கோசும் அதே வேகத்தில உடம்புக்குள்ள போயிடும், பிறகு தண்ணியை இழுக்க ஆளில்லை, கால் வீங்கும். அப்பிடியானவைக்கு வைத்தியரே நேரத்தைக் குறைப்பார். உங்களுக்கு எது எண்டு நாலு மணித்தியாலச் சோதனை ஒண்டு காட்டும். அதைக் கேளுங்கோ, நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

தெஹிவளை வாசகி: அம்மாவுக்கு நீரிழிவு. பையில சீனி எதுக்கு?

தண்ணியை இழுக்க. 1.5, 2.5, 4.25 வீதம் எண்டு பையில போட்டிருக்கும். கூடக்கூட இழுவை கூடும். ஆனால் நாலு மணித்தியாலத்தில பாதிக்கு மேல அம்மாவின்ர இரத்தத்துக்குத்தான் போகும். இன்சுலின் அளவை வைத்தியரோட கதையுங்கோ. 4.25 பையை ஆசைக்குப் போடாதேங்கோ.

ஒரு தம்பி: செவ்விளநீர் குடிக்கலாமோ?

இளநீரில பொட்டாசியம் இருக்கு, அதுதான் யோசனை. டயலிசிஸ் பையில பொட்டாசியம் இல்லை, அதால இரத்தத்தில இருக்கிறது வெளியில வரும். எண்டாலும் இரத்த றிப்போர்ட் பார்க்காமல் ஓம் எண்டு சொல்லமாட்டன்.

பம்பலப்பிட்டி அக்கா: மாமி மெலிஞ்சுபோறா. சத்தும் இதோட போகுதோ?

ஓம். அல்புமின் எண்ட இரத்தப் புரதத்தின்ர மூலக்கூற்று நிறை 66,000, கிரியட்டினினுக்குப் பக்கத்தில யானை. எண்டாலும் சவ்வில சில பெரிய துவாரங்கள் இருக்கு; ஒரு நாளைக்கு 5 முதல் 10 கிராம் புரதம் கசியும். முட்டை, மீனைக் குறைக்க வேண்டாம்.

அதே அக்கா: பை மாத்தேக்க ஃபானை நிப்பாட்டச் சொல்லுகினம். இந்தப் புழுக்கத்தில?

நானும் வேர்த்து ஊத்திக்கொண்டுதான் செய்தனான். காத்தோட தூசி பறந்து குழாய் வாயில பட்டால் கிருமி உள்ள போகும். சவ்வு அழற்சி கண்டால் இரத்தக்குழாய்கள் விரிஞ்சு, புரதம் இன்னும் கசியும், குளுக்கோஸ் உடன உறிஞ்சப்படும், வடியிற தண்ணி குறையும். வடிச்ச பையை பத்திரிகைத்தாளுக்கு மேல வைச்சுப் பாருங்கோ. பைக்குள்ளால எழுத்து வாசிக்க ஏலாட்டி, கொட்டாமல் அந்தப் பையோடயே அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. காய்ச்சல் வரட்டும் எண்டு பார்த்திருக்க வேண்டாம்.