வீட்டுக் கணக்கை ஆர்டபிள்யூ டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது: கேள்வி பதில்

வீட்டு வரவு செலவு, வருமான வரி, மியூச்சுவல் ஃபண்ட், சின்னக் கடைக் கணக்கு: இவற்றை அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்குகளில் பேக்கப் எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. கணினி சர்வீஸும் டேலி வேலையுமாகவே பிழைத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

செந்தில், ஈரோடு: சார், பென் டிரைவ் இருக்கு, கூகுள் டிரைவ் இருக்கு. இன்னும் எதுக்கு டிவிடி? புது லேப்டாப்ல அதைப் போட இடமே இல்லையே.

கூகுள் டிரைவை விட வேண்டாம், அதுவும் இருக்கட்டும். ஆனால் அது செய்வது ஒத்திசைவு. இங்கே ஃபைல் கெட்டால் கெட்டதையே மேலே ஏற்றி வைக்கும். பழைய பிரதி சில நாள் அங்கே கிடைக்கும்தான், அந்தக் கெடு முடிவதற்குள் நீங்கள் கவனித்திருக்க வேண்டும். பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் ரான்சம்வேர் வந்தால் லேப்டாப்பில் சொருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிட்டுப் போகும். உறைக்குள் போட்டு பீரோவில் வைத்த டிஸ்க்கை எந்த வைரஸாலும் தொட முடியாது. டிஸ்க்கின் பெரிய பலம் அதுதான்.

கொள்ளளவு குறைவு என்பார்கள். சிடி 700 எம்பி, டிவிடி 4.7 ஜிபி. ஒரு குடும்பத்தின் பத்து வருடக் கணக்கும் வங்கி ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்களும் ஒரு டிவிடியில் அடங்கி மிச்சம் இருக்கும். கல்யாண வீடியோவுக்குத்தான் இது போதாது. டிரைவ் இல்லாத லேப்டாப்புக்கு யுஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஹப்பில் சொருகாமல் லேப்டாப்பின் சொந்த போர்ட்டில் சொருகுங்கள். மின்சாரம் பத்தாமல் பாதியில் நின்ற டிஸ்க்குகள்தான் என்னிடம் அதிகம் வரும்.

லதா, மதுரை: அண்ணா, ஒரு தடவை எழுதுற ஆர் வாங்கணுமா, ஆர்டபிள்யூவா? கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றார்.

அவருக்கு ஒன்றுதான், உங்களுக்கு இல்லை. ஆர் டிஸ்க்கில் இருப்பது சாயப் படலம். லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கும், வைத்தது வைத்ததுதான். ஆர்டபிள்யூவில் இருப்பது உலோகக் கலவை. சிடி-ஆர்டபிள்யூ என்றால் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம். லேசர் அதை உருக்கிச் சட்டென்று ஆற விட்டால் அந்த இடம் மங்கும். அதைவிடக் குறைந்த சூட்டில், ஏறக்குறைய 200 டிகிரியில், மறுபடி சூடாக்கினால் படிகமாகிப் பளிச்சென்று ஆகிவிடும், அதாவது அழிந்துவிடும். இப்படி ஏறக்குறைய 1000 முறை எழுதலாம். வாரம் ஒரு முறை எழுதினாலும் 1000 வாரம் என்பது 19 வருடம். அதற்கு முன்னாலேயே டிஸ்க்கில் கீறல் விழுந்துவிடும் என்பதால் இந்த எண்ணிக்கையை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு: எதை எதில் எழுதுவது? நடந்துகொண்டிருக்கும் கணக்கு ஆர்டபிள்யூவுக்கு, முடித்த கணக்கு ஆருக்கு. ஏப்ரலிலிருந்து மார்ச் வரை நடப்பு வருடம் ஆர்டபிள்யூவில் சுற்றிக்கொண்டிருக்கட்டும். மார்ச் 31 தாண்டி, ரிட்டர்ன் போட்டு, ஒப்புகை கையில் வந்த பிறகு அந்த வருடத்தை ஆர் டிஸ்க்கில் எழுதி, மேற்கொண்டு எதுவும் சேர்க்க முடியாதபடி மூடுங்கள், இரண்டு பிரதி. அதை யாராலும் தெரியாமல்கூட அழிக்க முடியாது. ஆர்டபிள்யூவில் நிரந்தரக் கணக்கை வைத்தால், ஒரு நாள் வீட்டில் யாராவது காலி டிஸ்க் என்று நினைத்துப் பாட்டு எழுதிவிடுவார்கள்.

லதா, மதுரை: அப்ப ஆர்டபிள்யூ எத்தனை வேணும்? ஒண்ணையே திரும்பத் திரும்ப எழுதினா போதாதா?

போதாது. ஒரே டிஸ்க்கில் போன வாரத்தை அழித்து இந்த வாரத்தை எழுதுகிறீர்கள். அழித்து முடித்த நொடியில் கரண்ட் போனால் உங்களிடம் பேக்கப்பே இல்லை.

இதைவிட மோசம், கணக்கில் தப்பு நுழைந்தது தாமதமாகத் தெரிவது. படம் கெட்டால் திறந்த உடனே தெரியும். கணக்கு ஃபைல் அப்படி இல்லை. நவம்பரில் ஒரு கணக்குத் தலைப்பையே தவறி நீக்கியிருப்பீர்கள், ஜனவரியில் வட்டிச் சான்றிதழோடு ஒப்பிடும்போதுதான் இடிக்கும். நேற்றைய பேக்கப்பில் அந்தத் தப்பும் பத்திரமாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது அக்டோபர் டிஸ்க்.

அதனால் பழைய டேட்டா சென்டர் ஆட்கள் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை வைப்பார்கள். வீட்டுக்கு அதைச் சுருக்கிச் சொல்கிறேன். ‘வாரம் 1’ முதல் ‘வாரம் 4’ வரை நான்கு டிஸ்க், முறை வைத்து எழுதுங்கள். மாதக் கடைசிக்கு ‘மாதம் அ’, ‘மாதம் ஆ’, ‘மாதம் இ’ என்று மூன்று, அதுவும் சுற்றும். வருடத்துக்கு மேலே சொன்ன ஆர் டிஸ்க். ஆர்டபிள்யூ மொத்தம் ஏழு. மாத டிஸ்க்குகளில் ஒன்று எப்போதும் வேறு வீட்டில் இருக்கட்டும், அக்கா வீடோ மாமியார் வீடோ. எழுதின தேதியை உறைக்குள் ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். டிஸ்க் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது சமநிலை கெடும், பிய்த்தால் படலமும் சேர்ந்து வரும்.

ரஃபீக், நாகப்பட்டினம்: டேலி பிரைம்ல கடைக் கணக்கு, ஜிஎன்யு கேஷ்ல வீட்டுக் கணக்கு. எந்த ஃபோல்டரை எழுதணும் பாய்?

முதலில் இரண்டையும் மூடுங்கள். திறந்திருக்கும் ஃபைலை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டும். டேலியில் ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தினால் டேட்டா பட்டியல் வரும், அதில் பேக்கப். முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு எடுத்து, பிறகு அதை டிஸ்க்கில் எழுதுங்கள். கணக்கையே பூட்டி வைக்கும் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை மறந்தவருக்கு வழியே கிடையாது.

ஜிஎன்யு கேஷ் தானாகவே தேதியிட்ட பிரதிகளை அதே ஃபோல்டரில் வைக்கும், நீங்கள் மாற்றாவிட்டால் 30 நாள் வரை. பேர் ஒன்றே மாதிரி இருக்கும், ஓரத்தில் நீளமாக எண் ஒட்டியிருக்கும். எண் ஒட்டாததுதான் நடப்பு ஃபைல். எண் ஒட்டியதை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

வசந்தி, கோயம்புத்தூர்: நியூஜெர்சியில இருந்தப்ப மைக்ரோசாஃப்ட் மணியில கணக்கு வெச்சிருந்தோம். 2005-ல எழுதின சிடி-ஆர்டபிள்யூ இப்பவும் ரீட் ஆகுது, ஆனா ஃபைல் திறக்கல.

டிஸ்க் பிழைத்துவிட்டது, மென்பொருள் செத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2009-லேயே மணி விற்பதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு ஆக்டிவேஷன் கேட்காத ‘சன்செட்’ பதிப்பு ஒன்றை இலவசமாக விட்டார்கள். அதை நிறுவி, உங்கள் பேக்கப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துத் திறங்கள். பழைய விண்டோஸில் சிடியிலிருந்து நகலெடுத்தால் ‘ரீட் ஒன்லி’ ஒட்டிக்கொண்டு வரும். அடம்பிடித்தால் ப்ராப்பர்டீஸில் அந்த டிக்கை எடுங்கள். திறந்ததும் ஒவ்வொரு கணக்கையும் க்யூஐஎஃப் என்ற கணக்குப் பரிமாற்ற வடிவில் வெளியே எடுத்தால் ஜிஎன்யு கேஷ் படிக்கும்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வருட டிஸ்க்கில் மென்பொருளின் ஃபைலோடு பேரேட்டின் பிடிஎஃப்பும், காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலான சிஎஸ்வியும் போடுங்கள். நோட்பேட் இருக்கும் வரை சிஎஸ்வி திறக்கும்.

பிரவீன், திருச்சி: விண்டோஸ்ல டிஸ்க் போட்டதும் ‘யுஎஸ்பி ஃப்ளாஷ் டிரைவ் போல’ன்னும் ‘சிடி டிவிடி ப்ளேயரோட’ன்னும் கேக்குது. எது?

இரண்டாவது. முதலாவதில் ஃபைலை இழுத்துப் போட வசதி, ஆனால் வேறு கணினி அதைப் படிக்காமல் முரண்டு பிடிக்க வாய்ப்பு அதிகம். முறையாக எஜெக்ட் செய்யாமல் எடுத்தால் டிஸ்க் மூடாமலே நிற்கும். சிடி-ஆர்டபிள்யூவில் அந்த ஃபார்மேட்டுக்கே 100 எம்பிக்கு மேல் போய்விடும். முழுசாக அழி, மொத்தமாக எழுது, மூடு.

அனிதா, சேலம்: ‘வெற்றிகரமாக எழுதப்பட்டது’ன்னு வந்துச்சுன்னா போதுமா?

எழுதிய டிரைவே தன்னைப் பாராட்டிக்கொள்கிறது. மென்பொருளில் ‘வெரிஃபை’ டிக் போடுங்கள், நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. பிறகு இன்னொரு கணினியில் போட்டுப் பாருங்கள். சிடி-ஆர்டபிள்யூ திருப்பி அனுப்பும் ஒளி 15 முதல் 25 சதவீதம்தான், கடையில் வாங்கும் பாட்டு சிடி 70 சதவீதம். வயதான டிரைவ்களுக்கு இது கண்ணில் படாது.

சோதனை முழுமையாக வேண்டுமென்றால் ரீஸ்டோர் செய்து, கடைசி வங்கி இருப்பு ஸ்டேட்மென்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கவனம்: தனி ஃபோல்டருக்கு ரீஸ்டோர் செய்யுங்கள். டேலியில் அதே இடத்துக்குச் செய்தால் நேற்றுவரை போட்ட என்ட்ரி மேல் பழையது ஏறி உட்கார்ந்துவிடும். சோதனை பார்க்கப் போய்க் கணக்கைத் தொலைத்த கடை ஒன்று எனக்குத் தெரியும்.

கோபால், தாம்பரம்: பாஸ்வேர்டு வேணுமா? ஐடி டிபார்ட்மென்ட் பிடிஎஃப்ல ஏற்கெனவே இருக்கே.

வரித்துறை தரும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு உங்கள் பான் எண்ணும் பிறந்த தேதியும். அந்த இரண்டும் அதே டிஸ்க்கில் ஸ்கேன் செய்த பான் கார்டில் இருக்கும்! செவன்-ஜிப் மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறை வைத்துப் பூட்டுங்கள், ஃபைல் பெயர்களையும் மறைக்கும் டிக்கைப் போடுங்கள். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், டிஸ்க் உறையில் எழுதியிருக்கக் கூடாது.

தர்ஷன், யாழ்ப்பாணம்: அண்ணை, எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது. அந்த இறுவட்டு இனி பாவிக்க ஏலாதோ?

ஆர் என்றால் போனதுதான். ஆர்டபிள்யூ என்றால் முழு அழிப்பு கொடுங்கள், விரைவு அழிப்பு வேண்டாம். டிவிடி என்றால் வேகத்தைப் பொறுத்துக் கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் அதை வார டிஸ்க்காக வைத்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு வேண்டாம்.

மாலா, வேளச்சேரி: 2015 டிசம்பர் வெள்ளத்துல நனைஞ்ச சிடி டப்பா ஒண்ணு மாடியில இருக்கு. பிழைக்குமா?

சிடியில் தகவல் படலம் லேபிள் பக்கம், மெல்லிய அரக்குக்குக் கீழே இருக்கிறது. அது உரிந்திருந்தால், வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசி ஓட்டைகள் தெரிந்தால், அந்தப் பகுதி போய்விட்டது. டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில், அதனால் கொஞ்சம் தாங்கும். குடிதண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். படிக்கும் டிஸ்க்கை அன்றைக்கே நகலெடுங்கள்.

மொட்டை மாடி அறை வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி 4 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் என்கிறது. சென்னையில் அது யாருக்கு வாய்க்கும்? கீழ்த்தள அறையில், வெயில் படாத பீரோவில், தரையிலிருந்து உயரமான தட்டில், நிற்க வைத்து அடுக்குங்கள். ஆர்டபிள்யூவின் உலோகக் கலவைக்கு வெளிச்சத்தைவிட வெப்பம்தான் எதிரி.

ரஃபீக், நாகப்பட்டினம்: டிஸ்க் இன்னும் கிடைக்குதா? முன்ன மோசர் பேர் கம்பெனி டிஸ்க்தான் வாங்குவேன்.

மோசர் பேர் கலைப்புக்கு 2018-ல் உத்தரவாகிவிட்டது. எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனியும் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. டிவிடி-ஆர்டபிள்யூ இன்னும் கிடைக்கிறது, கிடைக்கும்போது ஒரு டப்பா வாங்கி வையுங்கள். பழைய ரைட்டர் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கின் வேகத்தைப் பாருங்கள், அல்ட்ரா ஸ்பீடு சிடி-ஆர்டபிள்யூவில் பழைய டிரைவால் எழுத முடியாது.

கோபால், தாம்பரம்: எத்தனை வருஷக் கணக்கு வெச்சிருக்கணும்? பழசைத் தூக்கிப் போடலாமா?

வரி நோட்டீஸ் கெடுவை மட்டும் பார்த்துத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய சொத்தின் ஆதாரம் விற்கும் வரை வேண்டும். 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கிய பங்குக்கும் ஈக்விட்டி ஃபண்டுக்கும் அன்றைய விலையையும் வாங்கிய விலையையும் ஒப்பிட்டுத்தான் லாபம் கணக்கிடுவார்கள். அந்த ஸ்டேட்மென்ட் பழைய டிஸ்க்கில்தான் இருக்கும். வேண்டாத டிஸ்க்கைக் கத்தரியால் இரண்டாக வெட்டிப் போடுங்கள், விரைவு அழிப்பு முகப்புப் பட்டியலை மட்டும்தான் எடுக்கும்.

அனிதா, சேலம்: வருட டிஸ்க்கை பேங்க் லாக்கர்ல வைக்கலாமா?

தாராளமாக. உறையோடு, நகைப் பெட்டிக்கு அடியில் நசுங்காமல். லாக்கருக்கு நாமினி பெயர் கொடுத்திருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது கேட்டுவிடுங்கள்.