ஏசிக்கு வருஷாவருஷம் கேஸ் போடணுமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறோம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, வாங்கி நாலு வருஷம். போன சித்திரையில் குளிர்ச்சி குறைந்து, மெக்கானிக் வரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போனார். இப்போது மறுபடியும் குளிர்ச்சி இல்லை. இந்தத் தடவை எப்போது சர்வீஸுக்குச் சொல்வது? வருஷாவருஷம் கேஸ் போடத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும். உங்கள் வீட்டில் நடந்தது அதுவாக இருக்கலாம், அல்லது கேஸ் குறையவே இல்லாமல் வெறும் அழுக்காகவும் இருக்கலாம். உள் காயிலில் தூசி அடைத்திருந்தாலே மீட்டரில் அழுத்தம் குறைவாகக் காட்டும். அதனால் முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வெட் சர்வீஸ், அப்புறம் மீட்டர். இந்த வரிசையை விடாதீர்கள்.

அதற்குப் பிறகும் கேஸ் கம்மி என்றால், “லீக் எங்கண்ணே, காட்டுங்க” என்று கேளுங்கள். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அடைத்து, வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து), தராசில் எடை பார்த்து நிரப்ப வேண்டும். உங்கள் ஏசி கேஸ் எந்த வகை, ஆர்32-ஆ, ஆர்410ஏ-யா, எத்தனை கிராம் என்பதெல்லாம் வெளி யூனிட்டில் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். போட்ட எடையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தராதவரிடம் கேஸ் போடவே வேண்டாம் என்பேன்.

எப்போது என்றால், மாசியில். நம்மூரில் ஆனி, ஆடிக் காற்று வாரியிறைக்கும் தூசி வெளி யூனிட்டில் படிகிறது. மார்கழி, தையில் பலர் ஏசியைத் தொடுவதில்லை. மாசி மத்தியான வெயிலில் ஓட்டிப் பார்த்தால் குறை தெரியும், ஆளும் நிதானமாக வேலை பார்ப்பார். பங்குனி பிறந்துவிட்டால் ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடிக்கலாம் என்றுதான் ஓடுவார்கள். ஃபில்டரை மட்டும் நீங்களே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்துப் போடலாம்.

கம்ப்ரஸருக்கு வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று கார்டைப் பாருங்கள். இருந்தால் கம்பெனி சர்வீஸையே கூப்பிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு சரிசெய்யாமல் இழுத்தடித்தால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.