வேலூர் மலைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் லைக்கன் விண்வெளியில் பிழைக்குமா?

லைக்கன் வகைகளில் சில பிழைக்கும். ஆனால் அங்கே வளராது, தூங்கிக் கிடக்கும். பலரும் குழம்புவது இங்கேதான்.

வேலூரைச் சுற்றியுள்ள மலைப் பாறைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாம்பலும் வெளிர்பச்சையுமாக வட்ட வட்டமாகப் படர்ந்திருப்பதுதான் லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் இந்தக் குடும்பம்தான். கத்திரி வெயிலில் சுரண்டினால் பொடியாக உதிரும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்தில் பச்சை தட்டும்.

சூட்சுமமே இந்தக் காய்தலில்தான் இருக்கிறது. உடலில் நீர் வற்றியதும் உயிர் இயக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். காற்றில்லாத வெளி அதை இன்னும் காய வைக்கும், அவ்வளவுதான். புற ஊதாக் கதிரை மேல்தோலின் நிறமிகள் தடுத்துக்கொள்ளும்.

2005-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், ரஷ்யாவின் ஃபோட்டான்-எம்2 விண்கலத்தில் இரண்டு லைக்கன் இனங்களை அனுப்பியது. சுமார் 15 நாள் வெட்டவெளியில் கிடந்தவை, திரும்பி வந்து 24 மணி நேரத்துக்குள் ஒளிச்சேர்க்கை செய்யத் தொடங்கிவிட்டன! அப்புறம் 2008-2009-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஒன்றரை வருடம் வைத்தார்கள். சாந்தோரியா எலிகன்ஸ் என்ற ஆரஞ்சு நிற இனம் அதையும் தாங்கியது.

சரி, நம்ம ஊர்ப் பாறை லைக்கன்? 2005-இல் போனவை ஸ்பெயினின் உயர்ந்த மலைகளில் எடுத்தவை. குளிர், வறட்சி, கடும் புற ஊதாக் கதிர் எல்லாம் அவற்றுக்குப் பழக்கம். வேலூர் வெயிலைத் தாங்குவதை மட்டும் வைத்து அதே வலு இதற்கும் உண்டு என்று நான் சொல்ல மாட்டேன்.