முகப்புக் கதவைப் பூட்டினால் மட்டும் போதுமா?

கேள்வி: அண்ணே, எனக்குப் புதுவயல். பிளஸ் டூ முடித்துவிட்டேன். கவுன்சிலிங்கில் சைபர் செக்யூரிட்டி என்றே தனியாக ஒரு பி.இ. இருக்கிறது. அதை எடுக்கட்டுமா, இல்லை காரைக்குடியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போய்விடட்டுமா? ஹேக்கர் ஆகவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பதில்: தம்பி, கோர்ஸின் பெயரைப் பார்த்து மயங்காதே. அழகப்பா அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர். 1952-ல் தொடங்கிய கல்லூரி, ஃபீஸும் குறைவு. நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் இந்த மூன்றும் ஒழுங்காகத் தெரியாதவன் செக்யூரிட்டியில் எதைப் பாதுகாப்பான்? தனிக் கோர்ஸில்தான் சேருவேன் என்றால் சேர், ஆனால் பாடத்திட்டத்தை வாங்கி இந்த மூன்றும் அதில் முழுசாக இருக்கிறதா என்று முதலில் பார்.

நம்ம ஊர் வீட்டையே எடுத்துக்கொள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முகப்பில் பெரிய பூட்டைத் தொங்கவிட்டு எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விடுவோம், பின்வாசல் கொண்டி சும்மா சாத்தியிருக்கும். கம்ப்யூட்டரும் இப்படித்தான், அதன் வாசல்களுக்குப் போர்ட் என்று பெயர். உன் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, எந்த வாசல் திறந்திருக்கிறது என்று சொல்லும் என்மேப் கருவியைக் கொண்டு அதன் போர்ட்டுகளைத் தட்டிப் பார். 22-ம் எண் போர்ட் திறந்திருக்கிறது என்று வந்தால் அது எதற்கு, யார் திறந்தது, மூடினால் எது நிற்கும் என்று தேடிக்கொண்டே போ, ஒரு செமஸ்டர் புத்தகத்தில் இருப்பது ஒரு வாரத்தில் மண்டையில் ஏறிவிடும்.

நான் முதன்முதலில் ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து இன்டர்நெட்டில் விட்டது ஒரு சாயங்காலம். மறுநாள் காலையில் லாகைத் (சர்வரில் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேடு) திறந்தால் 'ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் ரூட்', அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்குத் தப்பான பாஸ்வேர்டு, என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது, என்னை யாரென்றே தெரியாத எவனெவனோ, ஆள்கூட இல்லை, எல்லாம் புரோகிராம், ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டியிருக்கிறான்கள். அன்றைக்குப் புரிந்தது எந்த வகுப்பிலும் எனக்குப் புரிந்ததில்லை.

பழக இலவசமாகவே நிறைய இருக்கிறது. ஓவர்தவயர் தளத்தில் லினக்ஸ் பழக்கிவிடும் பாண்டிட் விளையாட்டை முடி, அப்புறம் பிகோசிடிஎஃப் என்ற செக்யூரிட்டிப் புதிர்ப் போட்டி. லட்ச ரூபாய் சர்டிஃபிகேட்டெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பேரன் இந்த சைபர் செக்யூரிட்டியைத்தான் படிப்பேன் என்று நிற்கிறான். திருடனைப் பிடிக்கிற வேலையா? ராத்திரி டூட்டியாமே? (கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி)

பதில்: ஆச்சி, ராத்திரி டூட்டி உண்மைதான், மறைக்கவில்லை. படித்து முடித்ததும் பல பேருக்கு முதலில் கிடைப்பது எஸ்ஓசி என்கிற கண்காணிப்பு அறை வேலை, 24 மணி நேரமும் ஷிஃப்ட். திரையில் வருகிற எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை வெறும் பூச்சாண்டி, நிஜமானதைப் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். எங்கள் ஐயா பினாங்கில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள் ஆனார், இதுவும் அதே ஏணிதான். பேரனுக்குப் பேரேட்டில் ஒரு காசு உதைத்தால் தூக்கம் வராத குணம் இருக்கிறதா? இருந்தால் தைரியமாக அனுப்புங்கள்.

கேள்வி: அண்ணே, தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன், இரண்டாம் வருஷம். எங்கள் கல்லூரி ரிசல்ட் பக்கத்தின் இணைய முகவரியில் இருக்கும் பதிவு எண்ணை மாற்றினால் அடுத்தவர் மார்க் வருகிறது. இருபது பேருடையதைப் பார்த்துவிட்டேன். சொன்னால் என் மேலேயே பாய்வார்களோ?

பதில்: முதலில் நிறுத்து. ஓட்டையைக் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம், இருபது பேர் மார்க்கைப் பார்த்தது தேவையில்லாத வேலை. அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவில் நஷ்டஈடு கேட்கும். அதையே மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவு, மூன்று வருஷம் வரை ஜெயில், ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'சும்மா பார்த்தேன் சார்' என்பதெல்லாம் அங்கே எடுபடுமா என்று சோதிக்காதே.

உனக்கு நம்பிக்கையான ஒரு ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போய், எழுத்தில் கொடு. எந்தப் பக்கம், எதை மாற்றினால் என்ன வருகிறது, அவ்வளவு போதும். கல்லூரி கண்டுகொள்ளாவிட்டால் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இருக்கிறது, இதுபோன்ற ஓட்டைகளை அவர்களிடம் தெரிவிக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பீற்றிக்கொள்ளாதே. அந்த இருபது பேரின் ஸ்கிரீன்ஷாட்டும் போனில் கிடந்தால் இன்றைக்கே அழித்துவிடு. பழுதைக் காட்ட உன் மார்க்கும், சம்மதத்தோடு உன் நண்பன் ஒருவனுடைய மார்க்குமே போதும்.