பாத்தியின் சத்தம் வேறு, அம்பாரத்தின் சத்தம் வேறு

வாசகர் கேள்வி - பதில்

(தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி வகுப்புக்காக 9 நிமிட மல்டிமீடியா ப்ராஜெக்ட் ஒன்றைச் செய்த விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்களுக்கும் இந்த செமஸ்டரில் மல்டிமீடியா ப்ராஜெக்ட் இருக்கிறது. போட்டோ, வீடியோ, ஒலி, எழுத்து, அனிமேஷன் எல்லாமே வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(கல்லூரி மாணவி, விருதுநகர்)

எங்களிடமும் இதையேதான் சொன்னார்கள். அதனால் முதல் தடவை நான் ஒரே விஷயத்தை நான்கு விதமாகச் சொல்லி வைத்தேன். உப்பு வாருவதை வீடியோ எடுத்தேன், அதையே போட்டோவும் எடுத்தேன், பின்னணியில் அதையே பேசினேன், கீழே எழுத்திலும் போட்டேன். வகுப்பில் ஓடவிட்டபோது மூன்றாவது நிமிடத்திலேயே பின்பெஞ்சில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

அன்று ராத்திரி ஒரு நோட்டில் கோடு போட்டு, எது கண்ணுக்கு, எது காதுக்கு, எது எழுத்துக்கு என்று பிரித்து எழுதினேன். நீங்கள் கேமராவைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். உதாரணத்துக்கு, கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கிற அலகு இது). வெயிலில் காய்ந்து 25 டிகிரி வாக்கில் வந்த பிறகுதான் நாம் சாப்பிடுகிற உப்பு படிய ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்குவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். இதை வீடியோவில் எப்படிக் காட்டுவீர்கள்? 5 டிகிரி நீரும் 20 டிகிரி நீரும் பார்வைக்குத் தண்ணீர்தான். ஆகவே நான்கு பாத்திகளை வரைந்து, நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகப் போக எண் ஏறுகிற மாதிரி 20 விநாடி அனிமேஷன் செய்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதத்துக்கு ஒரே ஒரு போட்டோ, அதன் மேல் ஒரு வார்த்தைகூட இல்லை. விடியற்காலை இருட்டில் அவர்கள் வேலைக்கு வருவதற்குப் படமே வைக்கவில்லை. கறுப்புத் திரையில் சைக்கிள் செயின் சத்தமும், தூக்குவாளி ஆடுகிற சத்தமும், இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டு வருவதும் மட்டும்தான்.

கேள்வி: உப்பைப் படம் எடுத்தால் சாம்பல் நிறமாக வருகிறதே, ஏன்?
(வாசகர், திருநெல்வேலி)

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைவெளேர் என்ற உப்பு அழுக்காகத் தெரிவது அதனால்தான். எக்ஸ்போஷரை ஒரு புள்ளி ஏற்றி எடுங்கள். ஆள் இருந்தால் திரையில் அவர் முகத்தைத் தொட்டு ஒளியைப் பூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகம் கறுப்பு நிழலாகிவிடும். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்கு மேல் உப்பின் பளபளப்பில் திரையே தெரியாது. எனக்கு இரண்டு நாளில் கண் எரிச்சல் வந்தது. அவர்கள் வருஷக்கணக்காக அந்த வெளிச்சத்தைக் குனிந்து பார்த்தபடி வேலை செய்கிறார்கள்.

கேள்வி: உங்கள் ப்ராஜெக்ட்டில் படங்களைவிட ஒலிதான் மனதில் நின்றது. எப்படிப் பதிவு செய்தீர்கள்?
(பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி)

டீச்சர், அந்த ஒலிக்கு நான் பட்ட பாட்டைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

உப்பளத்தில் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. முதல் நாள் போன் மைக்கிலேயே பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் புர்ர்ர் என்று காற்று மட்டும்தான். மறுநாள் காலர் மைக்கில் பஞ்சு சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பேட்டி சரியாக வந்தது. வேலை முடிந்த பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் காற்றையும் பதிவு செய்துகொண்டேன். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும்போது, எது இரைச்சல் என்று அதற்கு மாதிரி காட்ட அந்த ஒரு நிமிடம்தான் உதவும்.

ஆனால் உப்பு வாருகிற சத்தம் மட்டும் சரியாகக் கிடைக்கவில்லை. ஆகவே இன்னொரு நாள் மத்தியானம் அம்பாரத்தில், அதாவது வாரிய உப்பைக் குவித்து வைக்கிற இடத்தில், உப்பைக் கொட்டித் தட்டுகிற ஒலியை எடுத்து, காலையில் வாருகிற படத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். கணினியில் பார்த்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. வகுப்பில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, படத்தில் வருகிற ஆச்சியிடம் காட்டப் போனேன். தலைத்துண்டை ஒதுக்கி ஹெட்போனை மாட்டிவிட்டேன். அந்த இடம் வந்ததும் ஆச்சி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஏளா, இது அம்பாரத்துல தட்டுற சத்தம்லா. பாத்தியில தண்ணி கெடக்கும், அங்க இப்படியா சத்தம் வரும்?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அதைச் சின்ன ஒட்டுவேலை என்று நினைத்திருந்தேன். அவர் முப்பது வருஷம் கேட்ட சத்தத்தை மாற்றி வைத்து, இதுதான் உங்கள் வேலை என்று அவரிடமே காட்டியிருக்கிறேன். மறுநாள் நாலு மணிக்கே போனேன். மைக்கை வாருபலகையின் கம்பிலேயே கட்டினோம். ஆச்சி நாலைந்து தடவை இழுத்தார். முதலில் தண்ணீர் விலகுகிற சளப் சத்தம், அதற்குள்ளேயே சர்க்கரை நொறுங்குகிற மாதிரி ஒரு கரகரப்பு, பலகை வரப்பில் வந்து முட்டும்போது ஒரு சின்னத் தட்டல். உங்களுக்கு மனதில் நின்றது அந்த 14 விநாடிதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தொழிலாளர்களிடம் அனுமதி வாங்கினீர்களா?
(வாசகர், சென்னை)

வாங்கினேன், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. யாருக்குக் காட்டப்போகிறேன், எங்கே வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். ஓர் அக்கா முகம் வேண்டாம் என்றார், குரலுக்குச் சம்மதித்தார். நான் காரணம் கேட்கவில்லை. அக்டோபரில் மழை தொடங்கிப் பாத்தி மூழ்கினால் தை மாதம் வரை வேலை இல்லாமல் வீட்டை ஓட்டுகிற கணக்கையும், அரசு கொடுக்கிற 5,000 ரூபாய் நிவாரணம் எதற்கெல்லாம் போகிறது என்பதையும் சொல்வது அவருடைய குரல்தான். அந்த இடத்தில் மழைநீர் நின்ற பாத்திகளின் படத்தை மட்டும் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடித்த பிறகு அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கொடுக்கும்போது பெரிய 4கே ஃபைலைக் கொடுக்காதீர்கள், 720p என்ற குறைந்த தரத்துக்குச் சுருக்கிக் கொடுங்கள். நான் முதலில் அனுப்பியது ஆச்சியின் பேத்தி போனில் திறக்கவே இல்லை. சுருக்கி அனுப்பினேன், அன்று சாயங்காலமே பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள்.