ஆர்மோனியத்துக்குப் போன தாத்தா

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவின் அப்பா இசை நாடகக் கலைஞர். எட்டு வயதில், சிறுவர்களே நடிக்கும் ஒரு பாய்ஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். ஸ்த்ரீபார்ட், அதாவது பெண் வேஷம் கட்டினார். பதினைந்து வயதில் குரல் உடைந்ததும் கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆர்மோனியம் கற்றுக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசித்தார். போன வருஷம் காலமானார். அவர் டிரங்குப் பெட்டியில் பதினோரு டைரிகளும் ஒரு கட்டு நாடக நோட்டீஸும் இருக்கின்றன. தானே புயலில் ஓடு பறந்தபோது நனைந்து நோட்டீஸ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

அவர் வாழ்க்கையை எழுத ஆசைப்படுகிறேன். மாமா, "நடிகராவும் ஜெயிக்கல, பாடகராவும் பேர் வாங்கல. பொம்பள வேஷம் கட்டினாரு, குரல் போனதும் ஆர்மோனியத்துக்கு ஒதுங்கிட்டாரு. இதுல எழுத என்ன இருக்கு?" என்கிறார். டைரியிலும் ஊர், நாடகம், பணம் தவிர ஒன்றும் இல்லை. சில நாட்களில் 'அரை இ.' 'ஒன்று இ.' என்று இருக்கிறது. பாதிப் பணம் இன்னும் வர வேண்டும் என்று பொருளாக இருக்கும் என்கிறார் அம்மா. அவர் பாட்டோ வாசிப்போ ஒலிப்பதிவாக ஒன்றுகூட இல்லை. சின்ன வயதில் வருஷா வருஷம் நவம்பரில் என்னைப் புதுச்சேரி கருவடிக்குப்பத்துக்குக் கூட்டிப்போவார். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? டைரியின் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமா சொன்ன 'ஒதுங்கிட்டாரு' என்ற சொல் என்னை இரண்டு நாள் விடவில்லை. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். அந்தப் பதில் நீங்கள் சின்ன வயதில் போன இடத்திலேயே இருக்கிறது. ஆகவே கருவடிக்குப்பத்திலிருந்தே தொடங்குங்கள்.

அங்கே இருப்பது சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். இருபத்து நாலு வயதில் நாடகத்துக்கு வந்தார். வந்தபோது அவர் நடிகர்தான். எமன், சனீஸ்வரன் போன்ற பயங்கர வேஷங்கள் அவருக்கு அப்படிப் பொருந்தின. அவருடைய எமனைப் பார்த்துப் பயந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வேஷத்தைக் கழற்றி வைத்த பிறகுதான் அவர் வாத்தியார் ஆனார். நாற்பதுக்கு மேல் நாடகங்கள் எழுதினார். 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கினார். பக்கவாதத்தில் விழுந்து, புதுச்சேரியில் 1922 நவம்பர் 13 அன்று இறந்தார். வேஷத்தை விட்டு வேறு வேலைக்குப் போனவர் ஒதுங்கியவர் என்றால், உங்கள் தாத்தா வருஷா வருஷம் கும்பிட்ட அந்த மனிதரையும் ஒதுங்கியவர் என்றுதான் சொல்ல வேண்டும். மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தேதியையும் கவனியுங்கள். நவம்பர் 13 ஐப்பசிக் கடைசி. கடலூரிலும் புதுவையிலும் மழை கொட்டும் காலம். திருவிழா கிடையாது, நாடகம் கிடையாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் ஒரே ஊரில் இரண்டு நாள் சேர்ந்து இருக்க முடியாத கலைஞர்களுக்கு ஐப்பசியில்தான் கை ஓய்ந்திருக்கும். பையில் காசு குறைவாக இருக்கும் மாதமும் அதுதான். அந்தக் காசில் பஸ் டிக்கெட் எடுத்துக் குருவைப் பார்க்கப் போனவர் உங்கள் தாத்தா. பேத்தியையும் கூட்டிப்போயிருக்கிறார். உங்கள் ஞாபகத்தில் குடையும் சேறும் இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்தில்தான் பாரதியின் குயில் தோப்பு. போகிற வழியில் அதையும் காட்டினாரா?

அடுத்தது குரல். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் பயந்த சொல் ஒன்று உண்டு: மகரக்கட்டு. பருவம் வரும்போது குரல் உடைவதை அப்படித்தான் சொல்வார்கள். நேற்று வரை ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய பையன் இன்று ஒரு விருத்தம் எடுத்தால் பாதியில் கீறல் விழும். மைக் இல்லாத நாளில் கதாநாயக வேஷம் கட்டிய பழைய ராஜபார்ட்டுகள் நாலரை, ஐந்து கட்டையில் பாடியது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த உயரம் போய்விட்டால் கம்பெனிக்கு அந்தப் பையன் பயன்பட மாட்டான். சிலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் நல்ல ஆண் குரல் தேறி வரும். பலருக்கு வராது. பள்ளிக்கூடம் போகாமல், எட்டு வயதிலிருந்து பாட்டையும் வசனத்தையும் தவிர வேறெதையும் கற்காமல் வளர்ந்த பதினைந்து வயதுப் பையன், டிரங்குப் பெட்டியோடு கடலூரில் ரயிலை விட்டு இறங்கியதை நினைத்துப் பாருங்கள். அன்று வீட்டில் அவரிடம் என்ன சொன்னார்கள்? அம்மாவிடமும் பெரியம்மாக்களிடமும் கேளுங்கள். யாருக்காவது ஒரு வாக்கியமாவது தெரிந்திருக்கும்.

பெண் வேஷம் பற்றி மாமாவுக்குக் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டிருக்கிறேன். சுவாமிகளின் பால சபாவில் ஆறு வயதில் சேர்ந்தவர் டி. கே. சண்முகம். பெரியவரான பிறகு ஔவைக் கிழவியாக மேடையேறினார். ஊர் அவரை ஔவை சண்முகம் என்றுதான் கடைசி வரை அழைத்தது. சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். அதே ஔவையாக 1953இல் சினிமாவில் வந்தவர் கே. பி. சுந்தராம்பாள். அந்த அம்மாளோ மேடையில் ஆண் வேஷம் கட்டியவர். 1935இல் படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வந்து நின்று பாடி ஜனங்களை அழவைத்தது அந்த மேடை. அதில் ஏழு வருஷம் வள்ளியாகவோ சாவித்திரியாகவோ நின்ற சிறுவனுக்காக யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

சரி, ஆர்மோனியத்துக்கு வருகிறேன். மாமாவின் கணக்கு பிசகுவது இங்கேதான்.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நாரதர் ஓர் ஊரிலிருந்து வருவார், வள்ளி இன்னோர் ஊரிலிருந்து, முருகன் வேறொரு ஊரிலிருந்து. சாயங்காலம் மேக்கப் போடும் இடத்தில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அதற்கு முன் சேர்ந்து நடித்திருக்கவே மாட்டார்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நாடகம் போகும். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாட்டும் கதையின் போக்கும் மட்டும்தான். இடையில் வரும் தர்க்கத்தில் நாரதர் எந்தக் கேள்வியைப் போடுவார், வள்ளி எந்தப் பாட்டை எடுத்து மடக்குவார் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவருக்கு ஐந்து கட்டை, எதிரில் நிற்பவருக்கு இரண்டரை. இவர் முடித்த இடத்தில் அவர் தொடங்க வேண்டும். கோமாளியான பபூன் வந்ததும் முதலில் வம்பு இழுப்பது ஆர்மோனியக்காரரோடுதான். அதற்கும் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். பாட்டின் முதல் சொல் மறந்துபோய் நடிகர் ஒரு கணம் நின்றால், அந்தச் சொல்லைப் பின்பாட்டாகப் பாடி எடுத்துக்கொடுப்பவரும் அவரே. இத்தனை பேரையும் ஒரே ராத்திரிக்குள், ஒரே நாடகத்துக்குள் நிறுத்தி வைப்பவர் ஆர்மோனியக்காரர். எல்லா வேஷத்தின் எல்லாப் பாட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பையனுக்கு அது தெரியும். தன் பாடத்தோடு மற்றவர்கள் பாடத்தையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் அவன்.

எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் அத்தை ஊரில் மாரியம்மன் திருவிழா, வள்ளி திருமணம். அப்பா மடியில் தூங்கிவிட்டேன். நடுராத்திரி தாண்டி விழித்தபோது முருகன் வேடனாக வந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். மேலே போகிற இடம் வந்ததும் அவர் வலது கையை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடினார். பாட்டு மேலே போயிற்று. ஜனம் ஆரவாரம் செய்தது. நான் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்ததால் ஆர்மோனியக்காரரின் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தவர் அவர்தான். முருகனின் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "உஷ், அது தெரியக் கூடாதுன்னுதான் அவர் பாடுறாரு" என்றார். அந்த ஆர்மோனியக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அந்த முகம் திரும்ப வந்தது.

இனி அந்த டைரி. நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'அரை இ.' என்பது பணக்கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் வர வேண்டியிருந்தால் அவர் 'பாக்கி' என்றே எழுதுகிறார். 1987 வைகாசிப் பக்கத்தில் ஒரே வரியில் 'பாக்கி 40' என்பதும் 'அரை இ.' என்பதும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டாவது, 'இ.' வருகிற நாட்களைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாலு ராத்திரி நாடகம் நடந்த பிறகுதான் வருகிறது. மூன்றாவது, அதற்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது: ரா., ஸ்., நா. ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், நாரதர் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. 'ரா. அரை இ.' என்றால் அன்று ராஜபார்ட்டுக்குக் குரல் கட்டியிருந்தது, அரைக்கட்டை இறக்கினேன். 'ஸ். ஒன்று இ.' என்றால் ஸ்த்ரீபார்ட்டுக்கு ஒரு கட்டை இறக்கம். இப்படித்தான் நான் படிக்கிறேன். பழைய ஆர்மோனியக்காரர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் படிப்பது சரியென்றால், ஊர், நாடகம், பணம் தவிர ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைத்த அந்தப் பதினோரு டைரிகளில், தன்னோடு மேடையில் நின்ற ஒவ்வொருவரின் குரலும் எந்த ராத்திரியில் எப்படி இருந்தது என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். அடுத்த முறை அதே ஆள் வந்தால் எதிலிருந்து தொடங்கலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவியிருக்கும். பதினைந்து வயதில் தன் குரல் உடைந்தபோது அவருக்காக இறக்கிக்கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை.

நோட்டீஸ்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஆவி காட்டி நீங்களாகவே முயல வேண்டாம். பழைய அச்சு மை கலைந்துபோகும். ஓலைச்சுவடி, பழைய காகிதம் பார்க்கத் தெரிந்தவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள், அவர்களிடம் கொண்டுபோங்கள். லாமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரித்தபின் தலைப்பில் இருக்கிற பெரிய பெயர்களைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்டு, தாளம் என்று கீழே வரிசையாக வரும் பெயர்களையும், அவற்றின் முன்னே போடும் ஊர்ப் பெயர்களையும் எழுதி வையுங்கள். டைரித் தேதியோடு அவற்றைச் சேர்த்தால் 'ரா.' யார், 'ஸ்.' யார் என்று வெளிச்சமாகும்.

ஒலிப்பதிவு இல்லை என்று வருந்துகிறீர்கள். நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயதுதான். இசைத்தட்டு இருந்ததால் இன்றும் கேட்கிறோம். அந்த வாய்ப்பு உங்கள் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவரோடு பாடியவர்களில் சிலராவது இன்னும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய், 'எங்க தாத்தா எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள். நல்ல மனுஷன் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். டைரியைத் திறந்து, "இந்த ராத்திரி உங்களுக்கு அரைக்கட்டை இறக்கியிருக்கிறாரே, என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அப்புறம் பாடச் சொல்லுங்கள். அதைப் பதிவு செய்யுங்கள். ஆர்மோனியம் இன்னும் வீட்டில் இருந்தால் துருத்தியில் எலி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விற்றுவிடாதீர்கள்.

வரும் நவம்பர் 13 நான் கருவடிக்குப்பம் போகிறேன். தெற்கேயிருந்து வயதான நடிகர்கள் வருவார்கள். நீங்களும் வாருங்கள், முடிந்தால் மாமாவையும் கூட்டிவாருங்கள். அந்த 1987 டைரியை மட்டும் எடுத்து வந்தால் போதும். மழை இருக்கும், பாலிதீன் பையில் இரண்டு சுற்றாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள்.