வழக்குகள் நின்றுபோனால் வேலையும் போய்விடுமா? கோத்தகிரி அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். அக்சஸிபிலிட்டி டெஸ்டிங், அதாவது இணையதளத்தையும் ஆப்பையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அமெரிக்காவில் பார்வையற்றவர்கள் ஆன்லைன் கடைகள் மேல் கேஸ் போடுவதால் உண்டான வேலை, கேஸ் ஓய்ந்தால் இதுவும் ஓய்ந்துவிடும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பச்சைத் தேயிலை விலை ஏறுமா இறங்குமா என்றே பார்த்து வாழ்கிற வீட்டில் இந்தப் பயம் வரத்தான் செய்யும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒன்று இருக்கும். மகளிடம் சொல்லி அதை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு ஆன்லைன் கடையில் கால் கிலோ டீத்தூள் வாங்கிப் பாருங்கள். விரல் படும் இடத்தில் இருப்பதை அது வாசிக்கும். ஒழுங்காகச் செய்த தளம் என்றால் டீயின் பெயர், எடை, விலை எல்லாம் காதில் விழும். இல்லையென்றால் "படம்... பட்டன்... பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகும். எது கால் கிலோ, எது அரை கிலோ, பணம் கட்டுவது எங்கே? கடைசியில் இன்னொருவரிடம் கார்டு நம்பரைச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கும். வழக்குகள் பிறந்தது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-ல் வந்தது. அதில் இணையதளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் வாதாட வேண்டியிருந்தது. டார்கெட் கடை மீது 2006-ல் பார்வையற்றோர் கூட்டமைப்பு போட்ட வழக்கு, 2008-ல் 60 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. டாமினோஸில் பீட்சா ஆர்டர் செய்ய முடியாத பார்வையற்றவர் ஒருவர் தொடுத்த வழக்கில், கம்பெனியின் மேல்முறையீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-ல் எடுத்துக்கொள்ளவே இல்லை. பணத்துக்காகக் கும்பலாகக் கேஸ் போட்டு, தளம் சரியாகும் முன்பே சமரசம் பேசிவிடும் வக்கீல்களும் அங்கே உண்டு. அது எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் இன்று வேலை அந்தக் கேஸ்களை மட்டும் நம்பி இல்லை. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தை வைப்பது ஆன்லைன் கடைகளுக்குச் சட்டக் கட்டாயம். நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. வங்கிக் கணக்குக்குக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னபோது, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால் சிமிட்ட முடியவில்லை. அந்த வழக்கில் 2025 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவை எட்டுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது.

ஏ.ஐ. வந்து பிடுங்கிக்கொள்ளுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். தானாகவே தளத்தைச் சரிசெய்துவிடும் என்று விளம்பரம் செய்த அக்சஸிபி நிறுவனத்தை, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-ல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. மென்பொருள் சில பிழைகளைப் பிடிக்கும். படத்துக்குப் போட்ட விளக்கம் வாங்குகிறவருக்கு உதவுகிறதா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும்.

அக்சஸிபிலிட்டி டெஸ்டிங் என்ற பெயரிலேயே புதியவர்களுக்கு வரும் வேலை குறைவு, அதை மறைக்க மாட்டேன். சாதாரண சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் நுழைந்து இந்தப் பக்கம் திரும்புவதுதான் நடக்கிற வழி. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லை மகள் ஆழமாகப் படிக்கட்டும். டாக்பேக் போலத் திரையில் இருப்பதை வாசிக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருள் விண்டோஸில் இலவசம், மவுஸைத் தொடாமல் அதிலேயே பழகட்டும். தளம் எல்லோருக்கும் எட்ட எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். சான்றிதழ் தேர்வுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம், வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், பார்வையற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பது. அதற்கு அவருக்கு உரிய கூலி கொடுங்கள், ஓசியில் கேட்கக் கூடாது.

அப்புறம், நீலகிரி டீ விற்கும் ஒரு தளத்தை எடுத்து, தேடுவதில் தொடங்கிப் பணம் கட்டும் வரை எங்கெங்கே சிக்குகிறது, எந்த விதி மீறல், எப்படிச் சரிசெய்யலாம் என்று நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை ரெஸ்யூமோடு சேர்த்துக் கோவை, பெங்களூரு கம்பெனிகளுக்கு அனுப்பலாம். அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டட்டும்.